வாயைத் திறந்து பார்க்காத வயிற்று வைத்தியம்

வயிற்றுக் கோளாறு என்று மருத்துவரிடம் போகிறவரின் வாயை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை என்பது கொஞ்ச காலமாகவே என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. நாக்கை நீட்டச் சொல்லி ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. பல்லும் ஈறும் பல் மருத்துவர் பாடு, தொண்டைக்குக் கீழே உள்ளதெல்லாம் பொது மருத்துவர் பாடு என்று எப்போதோ யாரோ கோடு கிழித்துவிட்டார்கள். நாமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டோம். பல் வலித்தால் கிராம்பைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதும், வயிறு எரிந்தால் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணம் என் சின்னம்மாவின் நோயோடு எனக்குள் வந்தது, வந்தது போகவில்லை.

சின்னம்மா பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். விடிவதற்கு முன்பே வத்தை என்ற சிறு படகில் ஏறி, பார் என்ற கடலடிப் பாறைத் திட்டு இருக்கும் இடத்துக்குப் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் சேர்க்கும் வேலை அது. தண்ணீரில் இறங்கினால் ஏறுகிற வரைக்கும் சாப்பாடு கிடையாது. ஏறி உட்கார்ந்ததும் முதலில் கைக்கு வருவது வெற்றிலைப் பைதான்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. பசியையும் குளிரையும் அதுதான் அடக்கும் என்று அந்தப் பெண்கள் எல்லோருமே சொல்வார்கள். இப்படிக் கழிந்த வாழ்க்கையில் நெஞ்செரிச்சலும் உப்புசமும் வந்ததில் வியப்பில்லை. அவர் போன தனியார் மருத்துவமனை ஒன்றில் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் என்ற கேஸ் மாத்திரையை எழுதிக்கொடுத்தார்கள். எத்தனை நாளைக்கு என்று சீட்டில் எழுதவில்லை. எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லவும் இல்லை. அதன் பிறகு அந்தப் பழைய சீட்டையே மருந்துக் கடையில் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார். பின்னர் சீட்டும் தேவைப்படவில்லை. நிறுத்திப் பார்த்த நாட்களில் எரிச்சல் முன்னைவிட அதிகமாக வந்ததால், மாத்திரை இல்லாமல் தன் வயிறு வேலை செய்யாது என்றே நம்பிவிட்டார். அந்த எரிச்சலில் ஒரு பங்கு மாத்திரையே உண்டாக்கியதாக இருக்கலாம். 2009-இல் டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறு எதுவும் இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எட்டு வாரம் இவ்வகை மாத்திரையைச் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதத்தினருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதத்தினருக்குத்தான் வந்தன. அமிலத்தைப் பல வாரம் அடக்கி வைத்துவிட்டுத் திடீரென்று விட்டால் அது முன்னிலும் அதிகமாகச் சுரக்கிறது.

ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவரிடம் கடைசியில் அழைத்துப் போனோம். உள்நோக்கிக் கருவியை விட்டு இரைப்பையைப் பார்க்கப் போகிறார் என்று எண்ணிச் சின்னம்மா பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். மருத்துவரோ டார்ச்சை எடுத்து, வாயைப் பெரிதாகத் திறக்கச் சொன்னார். கையுறை போட்ட விரலால் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லின் ஈறை வெளிப்பக்கமாக மெல்ல அழுத்தினார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டுச் சீழ் எழும்பி வந்தது. அதன் பின்னால் இரத்தம். பற்களின் அடியைச் சுற்றிக் காரை பழுப்புக் கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது. "பல் விளக்கும்போது ரத்தம் வருமாம்மா?" என்று கேட்டார். "அது பாட்டுக்கு வரும் சார். எல்லாருக்கும் வர்றதுதானே?" என்றார் சின்னம்மா. மருத்துவர் ஒரு சீட்டில் பல் பிரிவுக்கு எழுதினார். கேஸ் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, அதன் பிறகு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மாத்திரை உடம்பில் இருந்தால் பரிசோதனை தப்பான விடை தரக்கூடும் என்பது காரணம். வெளியே வந்ததும் சின்னம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "வயித்துக்குன்னு வந்தா பல்லக் காட்டச் சொல்றாரு. பல்லுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று பேருந்து நிலையம் வரை கேட்டுக்கொண்டே வந்தார். நுண்ணுயிரியல் படித்தவன் என்ற முறையில் என்னால் ஒரு வரியில் பதில் சொல்லியிருக்க முடியும். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வரிப் பதிலுக்கு அடங்குவது இல்லை.

எச்சிலோடு இறங்குபவை

ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சிலை நாம் விழுங்குகிறோம். அதோடு பல பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்களும் இறங்குகின்றன. மனித வாய்களில் இதுவரை இனங்காணப்பட்ட பாக்டீரியா இனங்கள் சுமார் 700. ஹாலந்துத் துணி வணிகர் ஆன்டனி வான் லேவன்ஹூக் தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெள்ளைப் பொருளைத் தாமே தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியே பார்த்து, அதில் நெளியும் உயிர்களைப் பற்றி 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பாக்டீரியாவை மனிதன் நன்றாகப் பார்த்துக் குறித்துவைத்த முதல் இடங்களில் ஒன்று வாய்தான் என்பதை நினைத்தால், மருத்துவம் பிற்காலத்தில் அதை ஒதுக்கி வைத்தது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

விழுங்கப்படும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் மடிந்துவிடும். தப்பிப் போகிறவற்றுக்கும் பெருங்குடலில் இடம் கிடைப்பது கடினம். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உணவையும் இடத்தையும் விட்டுக்கொடுப்பதில்லை. இந்த இரண்டு காப்புகளும் சரியாக இருக்கும்வரை வாயில் உள்ளவை வாயிலும் குடலில் உள்ளவை குடலிலும் பெரும்பாலும் தனித்தனியாகவே வாழ்கின்றன. எனவே ஈறில் சீழ் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு குடலுக்குக் கேடு என்று முடிவுகட்ட முடியாது. காப்புகளில் ஒன்று தளர்ந்தால் என்ன ஆகும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி, அதுவும் அமிலத்தை ஆண்டுக்கணக்கில் மாத்திரையால் அடக்கி வைத்திருக்கும் ஒருவருக்கு.

2016-இல் இதைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று நெதர்லாந்தில் 1,815 பேரிடம், மற்றொன்று பிரிட்டனில் 1,827 இரட்டையர்களிடம் நடந்தது. ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களின் மலத்தில் பொதுவாக வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களின் பங்கு கூடியிருந்ததை இரண்டும் கண்டன. கல்லீரல் சுருக்க நோயாளிகளின் குடலிலும் வாய்ப் பாக்டீரியாக்கள் மிகுதியாக இருப்பதை 2014-இல் சீன ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். இதையெல்லாம் முதன்முதலில் படித்தபோது எல்லாம் பொருந்திவிட்டது என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் 2024-இல் வந்த ஓர் ஆய்வு வேறொரு விளக்கத்தை முன்வைத்தது. மலத்தில் வாய்ப் பாக்டீரியாவின் சதவீதம் கூடியிருப்பதால் அவை குடலில் பெருகிவிட்டன என்று ஆகாது. குடலின் சொந்தப் பாக்டீரியாக்கள் குறைந்துபோனாலும் சதவீதக் கணக்கில் அப்படித்தான் தெரியும். ஊர்ச்சனம் கடலுக்குப் போய்விட்ட நேரத்தில் ராமேஸ்வரம் கடைத்தெருவில் வெளியூர் யாத்திரிகர்களே நிறைந்திருப்பதாகத் தோன்றுகிறதே, அந்த மாதிரி. குறிப்பாக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட நோயாளிகளின் விஷயத்தில் இந்த விளக்கமே சரியாகப் பொருந்துகிறது. சின்னம்மாவைப் போன்றவர்களுக்கு இரண்டு விளக்கங்களில் எது உண்மையானாலும் கவலைக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது என்பது என் எண்ணம். வாயிலிருந்து வந்தவை குடலில் பெருகியிருந்தாலும் சரி, குடலில் இருந்தவை அழிந்திருந்தாலும் சரி, ஏதோ ஒன்று நிலைகுலைந்திருக்கிறது.

ஈறில் தொடங்கிக் குடலில்

ஈறு நோய் உள்ளவரின் வாயில் இருப்பவை சாதாரண வாய்ப் பாக்டீரியாக்கள் மட்டும் அல்ல. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமாகும் பள்ளத்தில் காற்றுப் படாது; அங்கே போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் போன்றவை செழிக்கின்றன. இவற்றில் ஃபியூசோபாக்டீரியத்தின் கதை அச்சம் தருவது. 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளுக்குள் இதைக் கண்டுபிடித்தன. 2024-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையத்து ஆய்வாளர்கள் இன்னும் நுணுகிப் பார்த்து, இந்த இனத்திலேயே ஒரு குறிப்பிட்ட கிளைதான் கட்டிகளில் மிகுந்திருக்கிறது, அது அமிலத்தைத் தாங்கக்கூடியது, ஆராய்ந்த கட்டிகளில் ஏறக்குறையப் பாதியில் அது இருந்தது என்று அறிவித்தார்கள். கட்டியை அது தொடங்கிவைக்கிறதா, உருவான கட்டியில் வந்து குடியேறி அதை வளர்க்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் இரைப்பை அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்ற பழைய ஆறுதல் இனிமேல் செல்லாது.

குடல் அழற்சி விஷயத்தில் எலிகளிடம் நடந்த சோதனைகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. 2017-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் குரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ள ஒருவரின் எச்சிலைக் கிருமியற்ற எலிகளுக்குக் கொடுத்தார்கள். எச்சிலில் இருந்த கிளெப்சியெல்லா பாக்டீரியா எலிகளின் குடலில் குடியேறி, உடலின் எதிர்ப்பு அணுக்களைக் கிளறிவிட்டது. 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு ஈறு நோயை உண்டாக்கிப் பார்த்தபோது இரண்டு வழிகளில் குடல் பாதிக்கப்பட்டது. வாயில் பெருகிய பாக்டீரியா எச்சிலோடு போய், ஏற்கெனவே அழற்சி கண்டிருந்த குடலில் குடியேறியது. அதோடு வாயில் அந்தப் பாக்டீரியாவுக்கு எதிராகப் பழக்கப்பட்ட வெள்ளணுக்களும் குடலுக்கு இடம் பெயர்ந்து அங்கே அழற்சியை ஏற்றின. ஆரோக்கியமான குடலுள்ள எலிகளில் இது நடக்கவில்லை. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எச்சரிக்கையாகப் படிக்க வேண்டிய ஆய்வுகள் இவை. வாயும் வயிறுமாக இருக்கும் பெண்களுக்கு ஈறு நோய் இருந்தால் குறைமாதப் பிரசவம் நேரும் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2006-இல் அமெரிக்காவில் அத்தகைய கர்ப்பிணிகளுக்கு ஈறு சிகிச்சை செய்து பார்த்தார்கள்; குறைமாதப் பிரசவம் அதனால் குறையவில்லை. இரண்டு நோய்கள் ஒருவரிடம் சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

சர்க்கரை நோயில் ஆதாரம் வலுவாக இருக்கிறது. சர்க்கரை கட்டுப்படாதவருக்கு ஈறு நோய் முற்றுகிறது, ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று 2022-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை சொல்கிறது. மாத்திரை ஒன்றைக் கூட்டாமல் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் இது சின்ன அளவு அல்ல. கீழக்கரையிலும் தொண்டியிலும் மண்டபத்திலும் சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது; அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேரிடம் ஈறைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்?

கழுவித் துடைக்கக் கூடாதவை

இதைப் படித்துவிட்டு யாரேனும் கிருமிநாசினி நீரை வாங்கி மூன்று வேளையும் கொப்பளிக்கத் தொடங்கினால் அது வேறு ஒரு கேட்டில் முடியும். வாய்ப் பாக்டீரியாக்களில் நமக்கு உழைப்பவை இருக்கின்றன. அரைக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் நைட்ரேட் ஏராளம். அது குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலந்த பின், ஏறக்குறைய கால் பங்கை எச்சில் சுரப்பிகள் திரும்ப எடுத்து வாய்க்குள் விடுகின்றன. நாக்கின் பின்புறம் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கிய பிறகு உடம்பு நைட்ரிக் ஆக்சைடு ஆக்கிக்கொள்கிறது. இரத்தக் குழாயைத் தளர்த்தும் இந்த வாயுவைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் இந்த வேலைக்கு மனித உடம்பு பெரிதும் நம்பியிருப்பது அந்தப் பாக்டீரியாக்களைத்தான். 2013-இல் லண்டனில் ஆரோக்கியமான 19 பேர் ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி நீரால் வாய் கொப்பளித்தார்கள். வாயில் நைட்ரைட் உண்டாவது 90 சதவீதம் குறைந்தது; இரத்த அழுத்தம் 2 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை ஏறியது. பல் மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காகச் சில நாட்களுக்குக் கொடுத்தால் பயன்படுத்தலாம். வாசனைக்காக நாள்தோறும் கொப்பளிப்பது வீண் வேலை என்று உறுதியாகச் சொல்வேன்.

வாயிலிருந்து குடலுக்குப் போகும் பாக்டீரியா நன்மை செய்யும் என்பதற்கு நான் மிகவும் விரும்பும் சான்று கடற்பாசியிலிருந்தே வருகிறது. மதுரையில் படித்தபோது நாங்கள் பாக்டீரியா வளர்த்த தட்டுகளில் ஊற்றியது அகார். அது மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுவது. ஜெர்மனியில் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவரின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, வீட்டில் ஜாம் கெட்டியாக்கப் பயன்படுத்திய அகாரை 1881 வாக்கில் ஆய்வகத்துக்குப் பரிந்துரைத்தார். உடல் வெப்பத்தில் அது உருகுவதில்லை, பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்னவும் முடிவதில்லை. அதனாலேயே நுண்ணுயிரியல் உலகம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. சின்னம்மாவைப் போன்ற பெண்களின் விரல்கள் கீறுபட்டுக் கொண்டுவரும் பாசியில்தான் உலகம் பாக்டீரியாவை வளர்த்துப் படிக்கிறது, அவர்களுடைய வாயில் வாழும் பாக்டீரியாவைப் பார்க்க ஒரு டார்ச் வெளிச்சம் கிடைப்பதற்கு இத்தனை காலம் ஆகிறது. 2010-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாவில் நோரி என்ற, ஜப்பானியர் உண்ணும் கடற்பாசியைச் செரிக்கும் மரபணுக்களைக் கண்டார்கள். அவை கடலில் பாசிமேல் வாழும் ஒரு பாக்டீரியாவுக்குச் சொந்தமானவை. தலைமுறை தலைமுறையாகப் பாசியோடு அதையும் விழுங்கியதில் மரபணு கைமாறியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களின் குடலில் அது இல்லை. கஞ்சிப்பாசியைக் கஞ்சியில் போட்டுக் குடித்த நம் கரையிலும் அப்படி ஓர் ஆய்வு நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சம்பந்தம் என்ன

சின்னம்மாவுக்குப் பரிசோதனையில் ஹெலிகோபாக்டர் இல்லை என்று வந்தது. ஆடிக்கொண்டிருந்த பற்களை எடுத்தார்கள், காரையைச் சுரண்டி ஈறைச் சுத்தம் செய்தார்கள். பல் மருத்துவர் கன்னத்தின் உட்புறத்தையும் பொறுமையாகப் பார்த்து, பாக்கும் புகையிலையும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது என்பதை நானும் எடுத்துச் சொன்னேன். புகையிலையை விட்டார், பாக்கைக் குறைத்திருக்கிறார். மாத்திரை நின்ற முதல் வாரங்களில் எரிச்சலில் துடித்தார், பிறகு அடங்கியது. உப்புசம் பெருமளவு போய்விட்டது, முழுவதும் போகவில்லை. ஈறு ஆறியதாலா, மாத்திரை நின்றதாலா, புகையிலையை விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தவை. பல்லைச் சுத்தம் செய்ததால் வயிறு குணமாயிற்று என்று ஊரில் அவரே சொல்லத் தொடங்கியபோது, அப்படிச் சொல்லாதீர்கள் சின்னம்மா என்று தடுத்தேன். ஒமிப்ரசோல் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இரைப்பைப் புண் உள்ளவர், மூட்டு வலிக்கு வலி மாத்திரையை நெடுநாள் சாப்பிட வேண்டியவர் என்று பலருக்கு அது உயிர் காக்கிற மருந்து. என் சின்னம்மாவின் கதையைக் கேட்டு அவர்களில் ஒருவர் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

நான் கேட்பது சின்ன விஷயம். வயிறு என்று வருகிறவரின் ஈறைப் பாருங்கள். அமில மாத்திரை எழுதினால் எத்தனை நாள் என்றும் எழுதுங்கள். நம் பக்கத்திலும் சில கடமைகள் உண்டு. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லி வளர்ந்த ஊரில், இரவுப் படுக்கைக்கு முன் பல் துலக்கும் வழக்கம் மட்டும் இன்னும் வேரூன்றவில்லை. குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் தெருக்களில் அதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு டம்ளர் தண்ணீரில் முடிகிற காரியம் அது. மீன்பிடித் தடைக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் கண் பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். இந்த முறை பல் மருத்துவர் ஒருவரும் வருவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். பாசி எடுக்கும் பெண்களின் சங்கத்தில் பெயர் எழுதும் வேலையைச் சின்னம்மா ஏற்றிருக்கிறார். கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பெயரை முதலில் எழுதும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.